கடற்காவலியும் இட்லி குண்டான் மூடியும்

வளைவு பார்க்க மட்டும்தான் அந்த மூடியை எடுத்தேன். அதன்மேல் ஃபோம் ஷீட்டை வைத்து அழுத்தி அளவு பார்த்துவிட்டு, திரும்பவும் இட்லி குண்டான் மேலேயே கவிழ்த்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் எவர்சில்வர் மூடியை மார்பில் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தபோது, ஃபோம் எதற்கு என்று தோன்றிவிட்டது. மறுநாள் பிடியைக் கழற்றிவிட்டு அதற்குப் பொன்வண்ணம் அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு திருப்பி வைப்பது எப்படி?

நான் ஆடும் வீடியோ கேமில் கடலடிக் கோட்டையைக் காக்கும் ஒருத்தி வருவாள். தமிழ் ரசிகர்கள் நாங்கள் அவளுக்குக் கடற்காவலி என்று பெயர் வைத்திருக்கிறோம். முதுகில் மீனுக்கு இருப்பதுபோல இரண்டு பெரிய துடுப்புகள், மார்பில் வட்டமான பொற்கவசம். மகளுக்குப் பால் கொடுத்தபடி ஒரு கையால் போனில் ஆட ஆரம்பித்தேன். பிறகு அந்த கேமின் ரசிகர்கள் நடத்தும் இணையதளத்தில் எந்தக் குகைக்கு எந்த வழி என்று குறிப்புகள் எழுத ஆரம்பித்தேன். அங்கே எல்லோரும் என்னை 'ப்ரோ' என்றுதான் கூப்பிடுவார்கள். மறுத்ததில்லை. மறுத்திருக்க வேண்டுமோ என்று அவ்வப்போது யோசிப்பேன்.

சென்னையில் ரசிகர்கள் கூடும் விழா ஒன்று வந்தது. அதில் வேடப்போட்டி. ஏதோ வேகத்தில், "வருகிறேன், கடற்காவலியாக வருகிறேன்" என்று தளத்தில் எழுதிவிட்டேன். எழுதிய அரை நிமிடத்தில் அழிக்கப் போனேன். அதற்குள் அத்தனை பேர் கை தட்டியிருந்தார்கள்.

தம்பி காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் ஃபோம் வெட்டும் கம்பெனியில் இருக்கிறான். துண்டு ஷீட்டுகளை மூட்டையாகக் கட்டித் தந்தான். துடுப்புகள் ஆயின. செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசையின் வாடைக்கு என் மாமியார் மூக்கைச் சுளித்தபோது, "தையல் போட்டிக்கு, அத்த" என்றேன். பாவாடையை நிஜமாகவே தைத்தேன் என்பதால் அது முழுப் பொய்யில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அத்தை எதற்கும் தடை சொல்பவர் இல்லை. ஆனால் ஒருமுறை குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது நான் போனில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்தப் பேசாமை எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூடி காணாமல் போன அன்றே அத்தை எதிர்வீட்டு அக்காவைப் பிடித்துவிட்டார். முந்தின வாரம் அவர்கள் வீட்டில் விசேஷம். குண்டானை இரவல் வாங்கியிருந்தார்கள்.

"குண்டான் வந்துச்சி, மூடி வரல."

"மூடியோடதான் குடுத்தேன். உன் ஊட்லயே தேடிப் பாரு."

"என் பேரு வெட்டுன மூடி. பத்திரமா வச்சிக்கோ!"

இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை. அத்தை சாயங்காலம் சீரியல் பார்க்கப் போய் உட்காரும் வீடு அது. இப்போது கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்தார். நான் தினமும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து, நாஷ்டா முடிவதற்குள் விழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் கணவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்டீல் கம்பெனி ஷிப்ட் சூப்பர்வைசர். விழா நடந்த சனிக்கிழமை காலை போர்வையில் சுற்றிய துடுப்புகளோடு என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, "லேடீஸ்ல ஏறாத, நசுங்கிடும். வெண்டர்ல ஏறு. தாராளமா எடம் இருக்கும்" என்றார்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கூடை, மூட்டையோடு வியாபாரிகள் ஏறும் அந்தப் பெட்டி கும்மிடிப்பூண்டியில் காலி. போர்வைக்குள் ஒரு துடுப்பு ஏற்கெனவே வளைந்திருந்ததால் எல்லாவற்றையும் அங்கேயே மாட்டிக்கொண்டேன். முகத்தில் நீலச் சாயமும் பூசி முடித்தபோது பொன்னேரி வந்தது.

பழவேற்காட்டு மீன் பொன்னேரியில்தான் ரயில் ஏறும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாததல்ல. என் மாமியாரின் சொந்தபந்தம் பாதி அந்த ஏரிக்கரையில்தான் இருக்கிறது.

ஐஸ் பெட்டிகளும் கூடைகளும் முதலில் ஏறின. பின்னாலேயே நான்கு அம்மாக்கள்.

"இன்னாடி இது! எந்த ஊர்ல கூத்து?"

"கூத்துல பொம்பள எங்கடி கட்டுது? ஷூட்டிங்கா இருக்கும்."

"ஷூட்டிங்குனா கார்ல இட்டுக்கினு போவான். வெண்டர்லயா அனுப்புவான்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான்காவதாக ஏறியவர் அத்தையின் ஒன்றுவிட்ட தங்கை, எனக்குச் சின்னத்தை. எங்கள் கல்யாணத்தில் எனக்கு மாலை எடுத்துக் கொடுத்தவர். சாயத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்து நான் உட்கார்ந்திருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சாயம் கைவிடவில்லை. முகத்தைப் பார்த்தும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மார்பைப் பார்த்துத்தான் குனிந்தார். விளிம்பில் புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்துகளைப் பொன்வண்ணம் மறைக்கவில்லை, எடுத்துத்தான் காட்டியது. சின்னத்தை விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"ஏய், எங்கக்கா பேருடி! இனிஷியல்கூட கரீட்டா கீது. ஏம்மா, எந்த ஊட்ல திருடுன இத?"

"அதானே பாத்தேன். மூஞ்சில மை பூசிக்கினு வரும்போதே தெரியல? போலீசக் கூப்டு."

"சின்னத்த," என்றேன். "நான்தான்."

"நான்தான்னா? யாரு நானு?"

"உங்க அக்கா மருமக."

சின்னத்தை என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது.

"அடிப்பாவி! மூடி காணோம்னு எங்கக்கா எதுத்தூட்டுக்காரியாண்ட சண்ட போட்டுக்கினு கீது. நீ இங்க மாட்டிக்கினு குந்திக்கினு கீறியா?"

வேண்டாம் சின்னத்தை, நானே சொல்கிறேன் என்று நான் கெஞ்சுவதற்குள் வீடியோ கால் போய்விட்டது.

"அக்கா, உன் மூடி கெடச்சிடிச்சி."

"எங்க? எங்கடி?"

"ரயில்ல போவுது. நீயே பாரு."

போனை என் பக்கம் திருப்பினார். திரையில் அத்தை, மடியில் என் மூன்று வயது மகள், வாயில் இட்லி. இந்தக் கோலத்தைப் பார்த்தால் பயந்துவிடுவாளோ, அம்மாவையே அடையாளம் தெரியாமல் அழுவாளோ என்று இரண்டு வாரமாக எல்லாவற்றையும் பீரோ மேல் ஒளித்து வைத்திருந்தேன்.

"அம்மா!" என்றாள் அவள். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "அம்மா ப்ளூ!"

அத்தை அவள் வாயோரத்து இட்லியைத் துடைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தையல் போட்டின்ன?"

"பாவாட தச்சது அத்த. நிஜமா."

"மூடியோட புடி எங்க?"

"பைல பத்திரமா இருக்கு."

"போயி ஆட வேண்டியத ஆடிட்டு வா. ஆனா மூஞ்சி கழுவாத. இதே வேஷத்துல எதுத்தூட்டுக்குப் போயி நீயே சொல்லணும். நான் கத்துன கத்தலுக்கு நீதான் பதில் சொல்லணும்."

திரை அணைந்தது. எனக்கு அழுகை வந்தது. சாயம் கரையும் என்று அடக்கிக்கொண்டேன்.

"ஜெயிச்சா இன்னா தருவாங்கோ?" என்று ஒருவர் விசாரித்தார்.

"ஒரு பொம்மைங்க."

"ஒரு பொம்மைக்கா இவ்ளோ பேஜாரு?"

ஆனாலும் அத்திப்பட்டில் கூட்டம் ஏறியபோது சின்னத்தை என் முன்னால் கால் அகட்டி நின்றுகொண்டார். "தள்ளிக்கினு நில்லுய்யா. ரெக்க மடங்கினா உங்கொப்பனா வந்து ஒட்டுவான்?"

விழா மண்டபத்தில் தளத்து நண்பர்கள் என்னைத் துடுப்பை வைத்துக் கண்டுபிடித்தார்கள். "ப்ரோ!" என்று ஓடிவந்த ஒருவன் பாதி வழியில் நின்று, "சாரி... அக்கா" என்றான். இன்னொருத்தி என்னைச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, கடல் வாசனைகூடக் கொண்டுவந்திருக்கிறீர்களே என்று வியந்தாள். அது ஐஸ் பெட்டி உபயம்.

மேடையில் நடுவராக இருந்த பெங்களூர்க்காரப் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கவசத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, கேமில் இல்லாத இந்தப் புராதன எழுத்தை எப்படி உருவாக்கினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொந்தக் கற்பனை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த பாதிப்பேர் அதைப் படித்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"என் மாமியார் பெயர்," என்றேன். "மூடி அவருடையது."

இறங்கியதும், பயன்படுத்திய பொருட்களை எழுதிக் கொடுத்திருந்த படிவத்தைக் கேட்டு வாங்கினேன். 'உலோகத் தகடு' என்பதை அடித்துவிட்டு, 'இட்லி குண்டான் மூடி. இன்று மாலை திருப்பித் தர வேண்டும்' என்று எழுதினேன். பரிசு, பல்லில் விளக்கு எரிந்த ஒரு டிராகனுக்குப் போனது.

சாயங்காலம் தெரு முழுக்க வாசலில் இருந்தது. அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நான்கடி தள்ளி நின்றார். நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த அக்கா ஒரு முறை வீறிட்டார்.

"மூடிய எடுத்தது நான்தான்கா. இதோ. உங்கமேல தப்பே இல்ல. இத்தினி நாளு நான் வாயத் தொறக்காம இருந்ததுதான் தப்பு. மன்னிச்சிடுங்க."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"நீ சொல்ல மாட்டியா?"

"அதான் ஆள் அனுப்பிக்கீறனே," என்றார் அத்தை.

"நல்ல ஆளு அனுப்புன போ. தெருவே வேடிக்க பாக்குது. உள்ள வரச் சொல்லு மொதல்ல."

நான் உள்ளே காலை வைத்தேன். இரண்டு துடுப்புகளும் நிலைச்சட்டத்தில் முட்டி நின்றன. பக்கவாட்டில் திரும்பினால் ஒன்று உள்ளே போகும், மற்றது போகாது. மகள் கைகொட்டிச் சிரித்தாள். அத்தை அவளைக் கீழே இறக்கிவிட்டு இந்தப் பக்கத் துடுப்பைப் பிடித்தார். அக்கா உள்ளிருந்து அந்தப் பக்கத் துடுப்பைப் பிடித்தார்.

"உன் பக்கம் எறக்கு," என்றார் அக்கா.

"நீ மொதல்ல தூக்கேன்!"

"மெதுவா. பாவம், ராப்பகலா ஒட்டிக்கீது."

"எனுக்குத் தெரியாது பாரு, நீ வந்து சொல்ற. சீரியல் ஆரம்பிச்சிடும், சீக்கிரம் தூக்கு!"

நடுவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துடுப்பு மடங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. மடங்கினால் மடங்கட்டும் என்றும் இருந்தது.