ஐந்தாவது பெண்ணுக்கு யார் மோர் ஊற்றுவது

செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்காரர் போன பிறகு மாடியை, காலேஜில் படிக்கிற பெண்களுக்கு விட்டிருந்தேன். தொண்ணூறுகளில் தொடங்கி ரொம்ப வருஷம் அப்படி ஓடியது. சமையல் என்னுடையது. யாரைச் சேர்ப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது என்பது அந்தப் பெண்களின் பாடு. கூட இருக்கப் போகிறவர்கள்தானே சொல்ல வேண்டும்? வேறெந்த வீட்டுக்காரி இப்படி விடுவாள் என்று எனக்கு அதில் பெருமைகூட உண்டு.

அவர்களே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புதிதாக இடம் கேட்டு வருகிறவளை மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைப்பார்கள். மாடியில் இருக்கிற ஒவ்வொருத்தியும் தன் கையால் ஒன்றைப் பரிமாற வேண்டும். ஒருத்தி சோறு, ஒருத்தி சாம்பார், ஒருத்தி ரசம், ஒருத்தி மோர். நாலு பேரும் பரிமாறினால் வந்தவள் ஐந்தாவது ஆள். ஒருத்தி பரிமாறாவிட்டாலும் இடமில்லை. வந்தவளுக்கு இதெல்லாம் தெரியாது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லாமல் வயிறு நிறைய அனுப்புகிறோம் என்பார்கள்.

ஒரு ஜூன் மாதம் கடப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். அம்மாவுக்கு மீன் வியாபாரம். வெறுங்கையோடு வரக்கூடாதென்று நெத்திலிக் கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நானும் கோவளத்துக் கடலோரம் பிறந்தவள்தான். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

“தெனம் பஸ்ஸுல அனுப்ப முடியாதுக்கா. ஆஸ்டல்லயும் எடம் இல்லன்னுட்டாங்க. இங்கயும் இல்லன்னா படிப்பே வேணாம்னு இவ நைனா சொல்லிகினுகீறாரு” என்றாள்.

மாடிப்படியில் நின்றிருந்த காஞ்சிபுரத்துப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கோயில் வேலை பார்க்கிற குடும்பம் அவளுடையது. என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டாள்.

“பெரிம்மா, இந்த வருஷம் நாலு பேரே போதும்னு பார்க்கிறோம். தண்ணி பத்தல.”

“நேத்துகூட அஞ்சாவது ஆளு எப்ப வரும்னு கேட்டியே. ராத்திரியோட ராத்திரியா தொட்டி சின்னதாயிடுச்சா?”

கடைசி வருஷம் படித்தவளை மற்றவர்கள் அக்கா என்பார்கள். அவள்தான், “வந்துட்டாங்க இல்ல, உட்கார வைப்போம்” என்றாள்.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். சோறு வந்தது, சாம்பார் வந்தது. ரசம் அக்காவின் பொறுப்பு. அவள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அடுக்களையிலேயே நின்றாள். ரசத்தைச் சுட வைக்கிறாளா, யோசிக்கிறாளா, தெரியவில்லை. இந்தப் பெண் சாம்பார் சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். எழுந்து போய்க் குழாயடியில் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். சோறும் குழம்பும் ஆனால் எங்கள் கடலோரத்து வீடுகளில் சாப்பாடு முடிந்தது. அதற்கு மேல் ரசம் வரும், மோர் வரும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

“அவளே எழுந்துட்டா. நம்ம மேல தப்பில்ல” என்று காஞ்சிபுரத்தவள் கிசுகிசுத்தாள்.

“நான் எடுத்துட்டு வந்துட்டுத்தான் இருந்தேன்” என்றாள் அக்கா.

“ஊத்தலையே, அக்கா.”

எனக்கு அப்போது வந்த அலுப்பைச் சொல்லி முடியாது. வருஷா வருஷம் இதே கிசுகிசுப்பு. யார் பெற்ற பிள்ளையின் படிப்போ என் அடுக்களையில் ஒரு கரண்டியில் தொங்குகிறது.

“மறுபடியும் உக்கார வைங்க” என்றேன்.

“வவுறு ரொம்பிடுச்சி, பெரிம்மா. வேணாம்” என்றாள் அந்தப் பெண்.

“குந்துடி. பெரியவங்க சொல்றாங்க, இன்னா ரோசம் உனுக்கு?” என்று அவள் அம்மா அதட்டினாள்.

கழுவின தட்டையே எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா கொஞ்சம் சோறு வைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் ரசம் ஊற்றினாள். காஞ்சிபுரத்தவள் மோர்ச் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ரசத்தையும் சாப்பிட்டு முடித்த பெண் இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. யாராவது எழு என்று சொல்லட்டும் என்று தட்டின் முன்னால் கையைக் காயவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா என்னையே பார்த்தாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொம்பை எடுத்தேன்.

“பெரிம்மா, நீங்க ஊத்தினா அது கணக்குல சேராது” என்றாள் அக்கா, மெதுவாக.

“இந்த வூட்ல நானும்தானே கீறேன்” என்று சொல்லி மோரை ஊற்றினேன்.

அந்தப் பெண் மாடிக்குக் குடிவந்த வாரமே காஞ்சிபுரத்தவளின் அப்பா வந்து பெட்டி படுக்கையை எடுத்துப்போனார். “ஒத்துவரலைங்க” என்றார், அவ்வளவுதான். மரியாதையான மனுஷர். அவளும் கெட்ட பெண்ணில்லை. எனக்கு ஜுரம் வந்தபோது பக்கத்திலேயே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவள். வாசலில் ஆட்டோ கிளம்பும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் கையசைக்காமல் நின்றேன்.

அடுத்த ஜூனில் யாரையும் சாப்பிட உட்கார வைக்கவில்லை. முதலில் வந்து கேட்டவளுக்குச் சாவியைக் கொடுத்தேன். மாடியில் முணுமுணுப்பு கேட்டது. என்னவென்று ஏறிப்போய்க் கேட்க எனக்குத் தெம்பில்லை.