பெர்சிக்குப் பெண் வந்தது

விலங்கு பார்க்கும் வேலை என்றால் கொஞ்சி விளையாடுவது என்று நினைக்கிறார்கள். பாதி நாள் கூட்டுவதிலும் கழுவுவதிலும் போய்விடும். வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே உடுப்பை மாற்றச் சொல்லிப் பேச்சு வாங்குகிற அன்பர்களே, நீங்கள் என் கட்சி. லண்டனில் ஒரு சிறிய விலங்குப் பூங்காவில் என் பொறுப்பில் இருப்பவன் பெர்சி, தென்னமெரிக்காவின் மர முள்ளம்பன்றி. வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மரத்திலேயே குடித்தனம்.

முதுகு தரிசனம்

பகல் முழுக்க அவனுக்கு நித்திரை. பார்க்க வருபவர்களுக்குக் கிடைப்பது முதுகுதான். பக்கத்து டூட்டிங் பகுதியில் இருந்து வந்த அம்மா ஒருவர், நான் தமிழ் என்று தெரிந்ததும், முள்ளை எறியுமா என்று கேட்டார். எறியாது, போய் முட்டினால்தான் குத்தும் என்றேன். எழும்புவான் என்று வெகுநேரம் காத்து நின்றவர் கடைசியில் சொன்னார்: "எங்கடை மருமகனும் இப்பிடித்தான் பிள்ளை. ஆனா ஆரும் டிக்கெட் எடுத்துப் பாக்க வாறேல்லை."

டிராமில்

பெர்சியின் உடம்பில் வெங்காயம் வதக்கினது போல ஒரு வாடை. எவ்வளவு கழுவினாலும் என் ஜாக்கெட்டோடு வீடு வரைக்கும் வந்துவிடும். ஒருநாள் டிராமில் பக்கத்தில் இருந்த அண்ணை ஒருவர் மூக்கை உறிஞ்சிவிட்டு ஆசையோடு கேட்டார்: "தங்கச்சி, எந்தக் கடையிலை வேலை? அங்கை கொத்துரொட்டி நல்லாயிருக்கும் போல கிடக்கு."

பொருத்தம்

இந்தத் தொழிலிலும் தரகர்கள் உண்டு. எந்த விலங்குக்கு எது சோடி என்று வம்சம் பார்த்து, ஊர்விட்டு ஊர் அனுப்பிவைப்பார்கள். அப்படி லூனா வந்தாள். இந்தக் கோடைக்குள் குட்டி இல்லாவிட்டால் பெர்சியை ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள். என் கையால் வளர்ந்தவன் அவன்.

அவனோ கவலையில்லாமல் மேல் கிளையில் ஏறி நின்று அவள் தலையில் மூத்திரம் பெய்தான். அவர்கள் இனத்தில் காதலைச் சொல்வது அப்படித்தான். லூனா காலை உதைத்துச் சத்தம்போட்டுத் துரத்திவிட்டாள். இதை வீட்டில் சொல்லிப் புலம்பியபோது என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "நான் உனக்குப் பூவாவது வாங்கித் தந்தனான்."

துடக்கு

லூனா எப்போது மனம் மாறினாளோ தெரியாது. போன கிழமை காலையில் கூட்டுக் கதவைத் திறந்தால் அவளோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. உடம்பெல்லாம் செம்பட்டை மயிர், முள் இன்னும் மெத்தென்று. இனிப் பெர்சியை யாரும் அனுப்பப்போவதில்லை. சாப்பாட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

மறுநாள் கோயிலில் தேர். எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் துடக்கு, அதாவது தீட்டு. அது கழியும்வரை கோயில் பக்கம் போகக்கூடாது. சந்தோசத்தில் எல்லாவற்றையும் மாமியிடம் சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்: "நீதானே வளத்தனி, அப்ப உனக்கும் துடக்குத்தான். நாளைக்குத் தேருக்கு வராதை."

ஆக, அப்பாவானவன் மேல் கிளையில் நித்திரை கொள்கிறான், துடக்குக் காப்பது நான்.