பத்துக்கு நான்கு

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் உதவி கேட்டாள். நான் அவளுக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டேன்.

ஆம்... மதிப்பெண்தான் போட்டேன். சிவப்பு மையில், வட்டமிட்டு, கீழே சுருக்கொப்பமும் வைத்து! இதை என் கணவரிடம் சொன்னதில்லை. இத்தனை வருடமாக ஒரே ஆசிரியர் அறையில் என்னோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டவர்களிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாததால்தான் சொல்ல முடிகிறது.

நான் தமிழ் டீச்சர். கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் பள்ளி, வீடு பழனிசெட்டிபட்டியில். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'மொளகாப்பொடி'. அது எனக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கதைப்பாடம் நடத்துவதில் என்னை மிஞ்ச இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆளில்லை என்ற மிதப்பு வேறு! மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வேன்: "கதையோட கரு இதுதேன்னு யாரும் எழுதி ஒட்டிவைக்க மாட்டாக. அந்தக் கதையில வர்ற சின்னப்பிள்ளை எங்கன அழுகுது, எதுக்குக் கோவிக்குது, எங்கன போயி ஒளியுதுன்னு பாருங்க. பெரியவுக பேச்சுல பாதிக்குப் பாதி பசப்பு இருக்கும். பிள்ளைக பயத்துல பசப்பு இருக்காது. கரு அங்கனதேன் கெடக்கும்."

என்ன அழகான பாடம்! இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்றத் தோன்றவில்லை. நடத்தியவளுக்குத்தான் அது ஏறவில்லை.

ஆனால் முத்துலட்சுமிக்கு ஏறிவிட்டது. பத்தாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். தகப்பன் இல்லை. தாய் பாண்டியம்மா, விடியும் முன்பே ஜீப்பில் ஏறி மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறவள். அந்த ஜீப்பை ஓட்டியவர் பாண்டியம்மாவின் தம்பி தங்கப்பாண்டி. அக்கா வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டதும், அக்கா மகளுக்குச் சீருடை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். இதையெல்லாம் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் நான் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்!

தொண்ணூற்றெட்டாம் வருடம், பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஆண்டு விழாவுக்குக் கதைப் போட்டி வைத்தேன். நானே நடுவர். முதலில் எழுதித் தருவதைத் திருத்தி, குறைகளைக் குறித்துத் திருப்பிக் கொடுப்பேன். திரும்ப எழுதி வருவதில் சிறந்ததற்குப் பரிசு. அதுதான் என் வழக்கம்.

முத்துலட்சுமியின் கதையை நான் பஸ்ஸில் படித்தேன். சின்னமனூர் தாண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவரின் வாழைத்தார் என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது. நாற்பது தாள்களுக்கு மேல் மடியில்... பள்ளி வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம்.

கதையில் பூங்கொடி என்று ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் ஜீப் ஹாரன் மூன்று தரம் ஒலிக்கும். மாமன் மிக்சர் பொட்டலத்தோடு வருவான். நல்ல மாமன், அதட்டிக்கூடப் பேசாதவன். அம்மா சிரித்தபடி காப்பிக்கு வெந்நீர் வைப்பாள். பூங்கொடி மட்டும் ஆட்டுக்கொட்டத்துக்குள் போய், ஆடுகளுக்கு நடுவே, மாமன் கிளம்பும்வரை உட்கார்ந்திருப்பாள். பரீட்சை முடிந்ததும் மாமனுக்குக் கட்டிவைப்பதாக அம்மா சொல்லிவிட்டாள். அவளுக்குப் பதினொன்றாம் வகுப்புக்குப் போக ஆசை. சோறு போடுகிற மாமனை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

கடைசியில் பூங்கொடி தன் டீச்சரிடம் போகிறாள். 'அந்த டீச்சருக்குக் கோபம் வரும். ஆனால் நியாயத்தை கேட்பார்' என்று எழுதியிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். 'அதற்கு டீச்சர் சொன்னார்:' என்று ஒரு வரி. அவ்வளவுதான்! அதற்குக் கீழே முக்கால் பக்கம் வெறுமையாக விட்டிருந்தாள். அடுத்த தாளையும் வெறுமையாகவே சேர்த்துத் தைத்திருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா உங்களுக்கு? 'நியாயத்தை'க்குப் பக்கத்தில் விட்டுப்போன 'க்' என்ற ஒற்றைப் போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: 'மாமன் வந்தால் ஏன் ஒளிய வேண்டும்? காரணம் தெளிவில்லை.' கீழே எழுதினேன்: 'கதைக்கு முடிவு இல்லை. நீதி இல்லை.' பத்துக்கு நான்கு.

கரு எங்கே கிடக்கும் என்று மேசையைத் தட்டிய அதே கை!

மறுநாள் மதியம் அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். தாளை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"என்ன புள்ள?"

"டீச்சர்... முடிவு எனக்குத் தெரியல டீச்சர்."

"உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? கதைய எழுதுனது நீயா நானா?"

"அந்த எடத்துல... நீங்க என்ன சொல்லுவீகன்னு..."

"நாஞ் சொல்லி நீ எழுதுனா பரிச எனக்குல்ல குடுக்கணும்! நல்ல நீதியா ஒண்ணு வரணும். பெரியவுக சொல்லைத் தட்டாத பிள்ளை, அப்பிடி இப்பிடின்னு எதையாச்சும் எழுதிட்டு வா. போ, சோறு தின்னணும் நானு."

அவள் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். என் டிபன் பாக்ஸைப் பார்த்தாளா, என்னைப் பார்த்தாளா... எத்தனை தரம் யோசித்தாலும் அது எனக்கு விளங்கவில்லை. பிறகு போய்விட்டாள்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. டீச்சர் பூங்கொடிக்குப் புத்தி சொல்கிறார். பெற்றவளின் சொல்லைத் தட்டாதே என்கிறார். பூங்கொடி மனம் திருந்தி, மாமன் கையால் மஞ்சள் கயிறு வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாக வாழ்கிறாள். தாய் சொல்லே வேதம் என்று கடைசி வரியில் நீதி. ஒரு பிழை இல்லை. பத்துக்கு ஒன்பதரை. முதல் பரிசு!

நீங்கள் கேட்கலாம்: "உனக்கு நிஜமாகவே புரியவில்லையா?" இந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். புரியவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்... ஆண்டு விழா மட்டும் இல்லாதிருந்தால்.

விழாவில் அவளையே மைக்கில் வாசிக்க வைத்தேன். ஊர்ச்சனம் மைதானம் முழுக்க உட்கார்ந்திருந்தது. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல வாசித்தாள். முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. விழா முடிந்ததும் என்னைத் தேடி வந்தார்.

"எங்கக்கா மக என்னமா எழுதிருக்கு, பாத்தீகளா டீச்சர்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நாந்தேன் ஜீப் ஓட்டுறேன், எஸ்டேட்டுக்கு."

ஜீப்... என் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. பொய் சொல்லவில்லை, சுருக்கென்றது! ஆட்டுக்கொட்டத்தில் ஒளிந்திருந்த பெண்ணின் முகம் அந்தக் கணம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் சிறப்பு விருந்தினர் அப்போதுதான் என்னைப் பார்த்து, "பிள்ளைகளை நல்லா வளத்திருக்கீக" என்று சொல்லியிருந்தார். அந்தப் பாராட்டின் சூடு இன்னும் ஆறவில்லை. என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"நல்ல பிள்ளை. குடுத்துவச்சவுக நீங்க."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. முத்துலட்சுமி பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் தூக்குவாளியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தாள். கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

பரீட்சை முடிந்தது. மே மாதம் பாண்டியம்மா வெற்றிலை பாக்கோடு என் வீட்டுக்கே வந்தாள். பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"டீச்சர் கண்டிப்பா வரணும். ஒங்களாலதேன் இது நடக்குது."

"என்னாலயா?"

"ஆமா டீச்சர். மூணு நாளாச் சோறு தண்ணி தொடாமக் கெடந்துச்சு. படிக்கணும்ங்கிறா. எந்தம்பிக்குப் பதில் சொல்ல முடியல. பெறகு நாந்தேன் கேட்டேன்: 'ஏண்டி, நீயேதான மைக்குல வாசிச்ச? ஊரே கேட்டுச்சுல்ல? டீச்சரம்மா பரிசு குடுத்தாகல்ல? அம்புட்டும் பொய்யா?'ன்னு. அதோட வாய மூடிட்டா. எந்திரிச்சுக் குளிச்சா, சாப்பிட்டா. படிச்சவுக சொன்னா எடுபடுது!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? 'பாண்டியம்மா, அந்த முடிவு அவ எழுதுனது இல்ல, நான் எழுத வச்சது' என்று... பத்துச் சொல் இருக்குமா அது? வகுப்பறையில் அம்மியாய் அரைக்கிற நாக்குக்கு அது வரவில்லை! அந்தப் பெண்மணியின் கை முழுக்க ஏலச்செடி கிழித்த கோடுகள். அவளை நிமிர்ந்து பார்க்காமல் நான் கேட்டேன்:

"கல்யாணம் கோயில்லயா, வீட்லயா?"

போனேன். கல்யாணத்துக்கும் போனேன். சாப்பிட்டேன். "வந்துட்டீகளா டீச்சர்" என்றாள் முத்துலட்சுமி.

ஜூனில் மதிப்பெண் பட்டியல் வாங்க தங்கப்பாண்டிதான் வந்தார். "தமிழ்ல எம்புட்டு டீச்சர்?" என்று ஆசையாகக் கேட்டார். பள்ளியிலேயே அவள்தான் முதல் என்றேன். கம்பத்திலிருந்து லட்டு வாங்கி வந்து ஆசிரியர் அறை முழுக்கக் கொடுத்தார். அவரை வெறுக்கவாவது முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்... அதற்கும் வழியில்லை!

அதற்குப் பிறகு பிள்ளைகளின் கதைகளைப் படிக்க எனக்குப் பயம் வந்துவிட்டது. கதைப் போட்டியை அடுத்த டீச்சரிடம் தள்ளிவிட்டேன். ஆனாலும் கட்டுரை நோட்டில் எங்கேனும் ஒரு பிள்ளை அழுதால் போதும், அந்தப் பக்கத்தை மூன்று தரம் படிப்பேன். ஒருமுறை ஓர் எட்டாம் வகுப்புப் பெண் தன் சிற்றன்னை சூடு வைத்ததாக எழுதியிருந்தாள். அன்று சாயங்காலமே உத்தமபாளையத்தில் இறங்கி, வீட்டைத் தேடிப் பிடித்து, வாசலில் நின்று கத்தினேன். சொந்தத் தாய் வெளியே வந்தாள்! "டிவி நாடகத்தப் பாத்து எழுதிருக்கு டீச்சர்" என்று விழுந்து விழுந்து சிரித்து, எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவமானத்தோடு குடித்துவிட்டு வந்தேன். எது கதை, எது கூப்பாடு என்று பிரித்தறியும் கண் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதுவா தமிழ் டீச்சர்!

போன ஜூனில், ஆறாம் வகுப்புச் சேர்க்கை மேசையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். வரிசையில் ஓர் அம்மா, கையில் ஒரு சிறுமி. படிவத்தில் பெயரைப் பார்த்த பிறகே நிமிர்ந்தேன். முத்துலட்சுமி! பதினொரு வருடம் ஆகியிருந்தது. தாய் ஏறிய அதே ஜீப்பில் இப்போது அவள் ஏலத்தோட்டத்துக்குப் போகிறாளாம்.

"நல்லா இருக்கீகளா டீச்சர்?" என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை!

"இருக்கேன் ஆத்தா. நீ?"

"இருக்கேன் டீச்சர். அவுகளுக்கு ஒரு கொறையும் சொல்ல முடியாது. நல்லாத்தேன் வச்சிருக்காக." மகளை முன்னால் நகர்த்தினாள். "இவ நல்லாப் படிப்பா. கணக்கு, இங்கிலீசு எல்லாம் சொல்லிக் குடுங்க. அடிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு டீச்சர்... கதை மட்டும் எழுத விடாதீக."

மன்னிப்புக் கேட்க எனக்குக் கிடைத்த இடம் அதுதான். பின்னால் வரிசை நின்றது. வாயைத் திறந்தேன்.

"சரி" என்றேன்.

அந்தப் பிள்ளை இப்போது என் வகுப்பில்தான் இருக்கிறாள். கெட்டிக்காரி. கேள்விக்கு மேல் கேள்வி கேட்பாள். போன வாரம் வராந்தாவில் என்னை மறித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், ஆண்டு விழாவுக்குக் கதைப் போட்டியாம்ல? நானும் ஒண்ணு எழுதட்டா? எங்கிட்ட ஒரு கதை இருக்கு டீச்சர்."

என்ன கதை என்று கேட்டிருக்க வேண்டும். அவள் தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தேன்... கேட்டால் என்ன வருமோ என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது என்னைத் தடுத்தது என்று உங்களிடம்கூட என்னால் உண்மையாகச் சொல்ல முடியவில்லை.

"ஒனக்கெதுக்கு ஆத்தா அதெல்லாம்? போயி வாய்ப்பாடு படி" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.