ஆணியில் தொங்கிய அட்டைகள்

அத்தியாத் ரொட்டிக்கடை ஜன்னலில் உட்கார்ந்திருந்த காலத்தில், அவள் முகத்தைப் பார்த்துத்தான் அந்தத் தெருவே சாப்பிட்டது. மானிய மாவுக்குத் தட்டுப்பாடு. வெளியே ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, இரண்டிலும் தள்ளுமுள்ளு. யாருக்கு முதலில், யார் வெறுங்கையோடு வீடு திரும்புவது என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். ஹெட்மாஸ்டர்கூட ஜன்னலுக்கு முன்னால் வந்து பல்லைக் காட்டுவார். கெய்ரோவே கொந்தளித்து ஜனாதிபதி போனார். அத்தியாத்தின் ஜன்னல் போகவில்லை.

ஒரு சின்ன மெஷின்தான் அவளைக் கவிழ்த்தது. அடுத்தடுத்து ஆட்சி மாறி, கடைசியாக வந்த சர்க்கார் வீட்டுக்கு ஒரு அட்டை கொடுத்தது. அதை மெஷினில் தேய்த்தால் ரொட்டி. எந்தக் கடையிலும் வாங்கலாம். வாங்காமல் மிச்சம் விட்ட ரொட்டிக்கு மாதக் கடைசியில் எண்ணெயோ சர்க்கரையோ கிடைக்கும். தட்டுப்பாடு போயிற்று, கெஞ்சலும் போயிற்று. நல்ல காரியம் என்று ஊரே மெச்சியது. அத்தியாத்துக்கோ, உட்காரப் போகும்போது யாரோ நாற்காலியை உருவிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் எதிர்க்கடை ஜன்னலில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? ராவியா. கொழுந்தன் பெண்டாட்டி, ஒரே வீட்டில் மேல்மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி! அவள் வாய் ஓயாது சிரிக்கும். குழந்தைக்கு இருமல் நின்றதா என்று கேட்பாள். காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் அட்டையை அவளிடமே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அவள் அவற்றை ஜன்னலோரம் ஓர் ஆணியில் கொத்தாக மாட்டிவைப்பாள். வேளைக்கு எடுத்துத் தேய்த்து, ரொட்டியைப் பேரீச்ச மட்டைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, பை பையாகக் கட்டி வைத்திருப்பாள். அத்தியாத் ஈயோட்டிக்கொண்டு அந்தக் கொத்தையே பார்த்திருப்பாள். ரொட்டி விற்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வீட்டுச் சோற்றையே நம்பி ஒருத்தி கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் அவள் புருஷன் ஷஹாத்தா ராவியா கட்டிய பையோடு வந்து நின்றான்.

"சூடா இருந்துச்சு, வாங்கினேன்."

"ஏன், நாங்க என்ன ஐஸ்கட்டியா விக்கிறோம்? நம்ம அட்டை எங்கே?"

"அவகிட்டதான் இருக்கு. எல்லாரும் அங்கதானே விடுறாங்க?"

அன்று ராத்திரி அத்தியாத் அந்த ரொட்டியைத் தொடவில்லை.

மாதக் கடைசியில் மீன்காரி நபவிய்யா புலம்பிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை எண்ணெய் பாதிதான் கிடைத்ததாம். காரணம் அத்தியாத்துக்கு நன்றாகவே தெரியும். நபவிய்யா ஒரு சுமை ரொட்டியோடு மொட்டைமாடி ஏறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அங்கே வளர்க்கும் வாத்துகளுக்கு அதுதான் தீனி; பிறகு எண்ணெய்க்கு மிச்ச ரொட்டி ஏது? வாயைத் திறந்து அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு.

"அட்டையை அடுத்தவ கையில குடுத்தா அப்படித்தான். நீ வாங்காத ரொட்டிக்கு யார் தேய்ச்சாளோ! இந்தக் காலத்துல எந்த ஜன்னலை நம்புறது?"

நபவிய்யாவிடம் சொன்னால் போதாதா? மறுநாளே தெரு முழுக்க அதற்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. ஆளாளுக்கு வந்து ராவியாவின் ஆணியிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். யாரோ புகார் கொடுக்க, அதிகாரிகள் வந்து மெஷினைச் சோதனைக்கு எடுத்துப்போக, எதிர்க்கடை ஜன்னல் மூடிக்கொண்டது.

அத்தியாத்தின் கடையில் பழையபடி இரண்டு வரிசை. சந்தோஷம் தாங்காமல் அவளே ஓர் ஆணி அடித்தாள். ஆனால் ஒருவரும் அட்டையை விடவில்லை. தேய்த்த கையோடு வெடுக்கென்று வாங்கிக்கொண்டார்கள். ஜன்னலுக்குள் கழுத்தை நீட்டி மெஷினைப் பார்த்தார்கள்.

"விட்டுட்டுப் போயேன், கட்டி வைக்கிறேன்," என்றாள் நபவிய்யாவிடம்.

"உன்னை நம்பாம இல்ல அத்தியாத். எந்த ஜன்னலையும் நம்பாதேன்னு நீதானே சொன்னே!"

சில நாள் கழித்து வரிசையின் கடைசியில் ராவியா நொண்டி நொண்டி வந்தாள்.

"அக்கா, முழங்கால் நிக்க விடமாட்டேங்குது. இதை நீயே வச்சுக்கோ," என்று அட்டையை நீட்டினாள்.

"எல்லாரும் புடுங்கிக்கிட்டுப் போறாங்க. உனக்கு மட்டும் பயமில்லையா?"

"யார் கிளப்பிவிட்டதுன்னு எனக்குத் தெரியும்க்கா. உனக்கு நாக்குதான் நீளம். அடுத்தவ ரொட்டியில கை வைக்கிறவ நீ இல்ல. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தவளுக்கு இது தெரியாதா?"

அத்தியாத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதற்கும் முந்தி வந்தது பொறாமைதான். இந்தப் பெரிய மனசும் இவளுக்கே போய்ச் சேர்ந்ததே! உப்பலான ரொட்டியாகப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அட்டையைத் தன் ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் வரிசை நிறைந்திருந்த நேரம். நபவிய்யா அட்டையை நீட்டியதும் அத்தியாத் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்:

"உன் எண்ணெயைக் குடிச்சது உன் வாத்துங்கடி! நீ மாடிக்கு ரொட்டி சுமந்ததை நான் அப்பவே பார்த்தேன். பார்த்துட்டும் ராவியா மேல பழி போட்டேன். போதுமா?"

வரிசை கொல்லென்று சிரித்தது. பிறகு ஒவ்வொரு முகமாக அவள் பக்கம் திரும்பியது, அவற்றில் சிரிப்பில்லை.

மெஷினில் குற்றமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். எதிர் ஜன்னல் திறந்ததும் ஆணியில் மறுபடி கொத்து சேர்ந்தது. முதலில் ஓடிப்போய் மாட்டியவன் ஷஹாத்தா. அத்தியாத்துக்கு இன்றைக்கும் அதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. அவள் ஆணியில் தொங்குவது ஒரே ஒரு அட்டை. கடை திறந்த பிறகும் ராவியா அதைத் திருப்பிக் கேட்கவில்லை.