சட்டைப் பையில் கங்கோங் கீரை

குளுவாங் ஊரில் இன்பராணி சந்தேகப்படாத ஆள் கிடையாது. தொழிற்சாலையில் இருபது வருஷம் தரம் பார்த்த கண். சிங்கப்பூருக்குக் குடிபோன பக்கத்து வீட்டுக்காரி முயலைச் சும்மா கொடுத்தபோதும், "ஏதோ கோளாறு இருக்கு, இல்லாட்டி ஏன் கொடுக்கிறா?" என்று முனகிக்கொண்டேதான் வாங்கினாள். லில்லி என்று பெயர் வைத்து மடியில் படுக்கப் பழக்கியதும் அவள்தான்.

லில்லிக்குக் கர்ப்பப்பை எடுக்க நாள் குறித்தாயிற்று. டாக்டர் ஷர்மினி சொன்ன குறிப்புகளை இன்பராணி காதில் வாங்கவில்லை. தனக்கு எடுத்தபோது முதல் நாள் இரவே பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாதே! அதேபோல முதல் நாள் இரவே லில்லியின் புல்லையும் தட்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

காலையில் கணவர் அருள்தாஸின் சட்டைப் பையில் ஒரு கங்கோங் இலை எட்டிப் பார்த்தது.

"ஏங்க, என்ன இது?"

"சந்தையில ஒட்டிக்கிச்சு லா."

"நேத்து நீங்க சந்தைக்கே போகலியே!"

கிளினிக்கில் நுழைந்ததுமே புகார் சொன்னாள். "டாக்டர், நான் பட்டினி போட்டேன். இந்த மனுஷன் திருட்டுத்தனமா தின்னக் கொடுத்துட்டாரு. லில்லிக்கு ஏதாவது ஆனா யாரு பொறுப்பு?"

"நல்லவேளை கொடுத்தாரு. முயலுக்கு வாந்தியே வராதும்மா. வயிறு காஞ்சாதான் ஆபத்து. அன்னிக்கே சொன்னேனே?"

இன்பராணி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. கூண்டுக் கம்பியைக் கடிச்சிக்கிட்டு என்னையே பார்த்துச்சு. மனசு கேக்கல."

மாலையில் லில்லி கண் விழித்து, அருள்தாஸ் நீட்டிய இலையை மெல்ல மென்றது.

"அந்தச் சட்டைப் பையையும் காட்டுங்க," என்றாள் இன்பராணி. உள்ளே இன்னொரு இலை இருந்தது. அதை அவளே ஊட்டினாள்.