மில்லு மாடியில் கேட்ட உறுமல்

உத்திரமேரூரில் சத்தத்தை வைத்தே மோட்டாரின் கோளாறைச் சொல்கிறவன் நான் ஒருவன்தான். ஒருநாள் கனத்த உறுமல் கேட்டதும், பேரிங் போச்சு என்று என் ரைஸ்மில்லை நிறுத்தினேன். உறுமல் நிற்கவில்லை. மாடியேறிப் பார்த்தால், அங்கே குடியிருந்த மாட்டு டாக்டர், கறுப்பு பனியனோடு ஸ்பீக்கர் முன்னால் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னா டாக்டரே, ஒரே பேஜாரா கீது?”

“ராக் ஆல்பம் ஐயா. அமெரிக்காவுல வயல்ல கூலி வேல செஞ்ச கறுப்பு ஜனங்க அழுத ப்ளூஸ் பாட்டுதான் இதுக்கு அடியில கீது. கிதார் கம்பிய தொய்ய வுட்டு, மெதுவா இழுக்கறாங்க, அதான் இப்பிடி உறுமுது.”

“தெனமும் போட்டா, என் மோட்டார் சத்தம் எப்பிடி கேக்கறது?”

“காவாந்தண்டலத்துல இன்னிக்கு ஒரு மாடு, கன்னு போட முடியாம என் கையிலயே செத்துப்போச்சு. அந்த மாதிரி நாள்ல மட்டுந்தான் போடுவேன்.”

அவர் மாற்றலாகிப் போகும்வரை, அந்த உறுமல் கேட்டால் நானே மில்லை நிறுத்திவிடுவேன். எந்தத் தலைவர் செத்தபோதும் நிறுத்தாத மில்லு அது.