மறுபடி பாண் கொடுக்கச் சொன்ன பிலோமினா மிஸ்ஸி

பிலோமினா மிஸ்ஸி போய்விட்டார். இன்று விடியற்காலை, சொறிக்கல்முனையில், தன் வீட்டிலேயே. அவருடைய மருமகன் போன் எடுத்துச் சொன்னார்.

கொன்வென்ட்டில் படித்தவள் நான். ஒழுங்கு விஷயத்தில் யாரையும் லேசில் மெச்சமாட்டேன். தாதித் தொப்பியை நேராக வைக்கத் தெரிந்தவர் என்று நான் கண்டது இவர் ஒருவரைத்தான்.

ஐம்பதுகளின் கடைசி... கல்முனையில் இருந்தோம். மூத்த மகள் ஜெஸீமாவுக்கு ஒன்றரை வயது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. நிற்காத வயிற்றோட்டம். தூக்கினாலும் அழுவாள், இறக்கினாலும் அழுவாள்.

பூச்சி என்றார்கள். கண்ணூறு என்றார்கள். ஆனால் சோறு ஆகாது என்பதில் மட்டும் ஊரே ஒற்றுமை. பாண், ரஸ்க், பிஸ்கட்... நோயாளிக்கு எங்கள் பக்கத்தில் அதுதானே சாப்பாடு.

வார்டில் சேர்த்த பிறகும் என் கணவர் பை நிறையப் பாணோடுதான் வருவார்.

"என்ன தங்கச்சி, உங்கட மாப்பிள்ள பேக்கரிய விலைக்கு வாங்கிட்டாரா?" என்பார் வார்டுத் தாதியான மிஸ்ஸி. அவருக்கும் ஏறத்தாழ என் வயதுதான். இருந்தும் நான் தங்கச்சி!

சீமையில் படித்து வந்த டொக்டர், பிள்ளையின் மலத்தைப் பார்த்தார், பாண் பையையும் பார்த்தார். "சீலியாக் எண்ட நோயா இருக்கலாம், கோதுமை ஒத்துக்காது. கோதுமை மாவை நிப்பாட்டுங்க, சோறு குடுங்க."

குழைத்த சோறும் மீனும். சில வாரத்தில் பிள்ளை சிரித்தாள்.

அதன் பிறகுதான் இடி. நிச்சயப்படுத்த, மறுபடி பாண் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். இன்று முதலில் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அன்று எங்களுக்கு அதுதான் டெஸ்ட்.

"ஏலா! என்ட புள்ள இப்பதான் சிரிக்கா. சந்தேகமாவே இரிக்கட்டும்" என்றேன்.

மிஸ்ஸி பெட்டில் என் பக்கத்தில் அமர்ந்தார். நோயாளியின் கட்டிலில் தாதிமார் உட்காரக் கூடாது என்பது ஒழுங்கு.

"சந்தேகம் எண்டா, நாளைக்கு ஒரு மாமி வந்து ஒரு துண்டுதானே எண்டு வாயில தீத்துவா. எத்தின பேரோட சண்டை பிடிப்பீங்க? நிச்சயமாத் தெரிஞ்சா ஒருத்தரும் வாய் திறக்கேலா."

"புள்ளைக்கு என்னவும் ஆனா?"

"நான் வீட்ட போகல்ல தங்கச்சி. இங்கதான் கிடப்பன்."

பாணை நானே ஊட்டினேன். வேறு யாரையும் விடவில்லை.

சில நாளில் வயிறு ஊதியது. அந்த அழுகை திரும்பி வந்தது... மிஸ்ஸி லீவு நாளிலும் சேலையோடு வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பாணை நிறுத்தினோம். மெல்லத் தேறினாள். டொக்டருக்கு இனிச் சந்தேகமில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் என் மாமியார் ரஸ்க் டின்னோடு வந்தார். வார்டு வாசலிலேயே மறித்தார் மிஸ்ஸி.

"மாமி, அத நீங்களே தின்னுங்க. புள்ளைக்கு அது நஞ்சு. டொக்டரே சொல்லிட்டாரு."

மாமியார் டின்னைத் திரும்பப் பைக்குள் போட்டார். அப்படி ஓர் அதிசயத்தை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

மிஸ்ஸி, நாளைக் காலை சொறிக்கல்முனைக்கு வருகிறேன். காரை ஓட்டி வருவது ஜெஸீமா.